படகு வந்ததும் சொல்லலாம்

அந்த ஊருக்கு அவள் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இன்னும் அவளுக்குப் ‘புதுசு’ என்றுதான் பெயர். சட்டி வாங்கினால் ஏழு மாதத்தில் அடிப்பிடித்துப் பழசாகிவிடும், செருப்பு வாங்கினால் வார் அறுந்துவிடும், அவள் மட்டும் பழசாகவே இல்லை. “புதுசு வந்தாச்சா?”, “புதுசு, கொஞ்சம் தள்ளி உக்காரு”, “புதுசோட இறால் டப்பைப் பாரு, நெறைஞ்சுதா?” ஒரு நாளைக்கு ஊர் அவளிடம் பேசுகிற பேச்சு இந்த மூன்றோடு முடிந்துவிடும். அதிலும் இரண்டு அவளைப் பற்றிப் பேசுவதே தவிர அவளிடம் பேசுவது கிடையாது.

அவள் கணவன் டீசல் எஞ்சின் மெக்கானிக். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அவன் பட்டறையை இடித்துப் போட்டார்கள். அடுத்த வாரமே ஒரு படகு முதலாளி, “எங்க ஊருக்கு வந்துடு, போட்டுல டிரைவரா இரு, வருஷம் பூரா வேலை” என்று கூப்பிட்டார். கூப்பிட்டவர் கடல் காற்றைப் பற்றிச் சொன்னார், மீனைப் பற்றிச் சொன்னார். பஸ் வாரத்துக்கு இரண்டே நாள்தான் வரும் என்று சொல்லவில்லை. கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, தீப்பெட்டி நமத்துப் போகும், பூட்டு மூன்று வாரத்தில் துருவேறிச் சாவியை விழுங்கிக்கொள்ளும், உப்பு ஜாடிக்குள் தண்ணீராக நிற்கும், இதையெல்லாம் எவன் சொல்வான்? வந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஒற்றை அறை கிடைத்தது. கம்பெனி மோட்டார் ஓடும்போது சுவர் உதறும். அலமாரியில் தட்டை வைத்தால் அது தானாக நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து நிற்கும். அவள் வேலைக்குப் போகுமுன் தட்டுகளையெல்லாம் தரையில் அடுக்கிவிட்டுப் போவாள். கணவன் ஆறு நாள் கடலில் இருப்பான், இரண்டு நாள் கரையில் இருப்பான். அந்த இரண்டில் ஒரு நாள் எஞ்சினுக்குப் போய்விடும். மீதி ஒரு நாளில் தூங்கிவிடுவான். கல்யாணமான இந்த ஒன்பது வருடத்தில் அவள் இவ்வளவு தனியாக இருந்ததில்லை. பேச ஆளில்லாமல் அந்தத் தட்டுகளோடு பேசப் பழகியிருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை இறால் கொட்டகையில். கல் மேடையில் ஐஸோடு கொட்டிக் கிடக்கும் இறாலை எடுத்து, தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை இழுத்து எறிந்துவிட்டு டப்பில் போட வேண்டும். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் பத்து மணிக்கு ஒரு டீ, ஒரு மணிக்குச் சாப்பாடு, மூன்றரைக்கு வீடு. இறால் தலையில் இருக்கிற முள் விரலில் ஏறினால் இரண்டு நாள் விண்விண்ணென்று தெறிக்கும். ஐஸ் தண்ணீர் பட்டுப் பட்டு விரல் நுனித் தோல் வெளுத்து உரிந்துகொண்டே இருக்கும். முதல் மாதத்தில், இறாலை உரிக்கிறேனா என்னையே உரித்துக்கொள்கிறேனா என்று அவளுக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

கொட்டகையில் முப்பது பெண்கள். அவர்களை மேய்க்க ஒரு மேஸ்திரியம்மா, ஐம்பது வயது, அதட்டினால் இறால்கூட எழுந்து உட்காரும். அவளுக்கு அடுத்தபடி லவுட்ஸ்பீக்கர். அந்தப் பெண்ணுக்கு வேறு பெயர் இருந்திருக்கும், ஆனால் அவள் குசுகுசுவென்று பேசினாலே துறைமுனை வரைக்கும் கேட்கும் என்பதால் ஊர் அந்தப் பெயரை வைத்துவிட்டது. முப்பது பேரும் வாய் ஓயாமல் பேசுவார்கள், சிரிப்பார்கள். புதுசு மேடையின் கடைசியில், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் குளிர்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பாள். அவர்கள் சிரிக்கும்போது இவளும் உதட்டை லேசாக விரித்து வைப்பாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் சிரிப்பதைவிட அவமானம் உலகத்தில் வேறு இல்லை.

அவளுக்கு இருந்த ஒரே பேச்சுத் துணை அப்பா. அதுவும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும். அப்பா முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மகன் வீட்டில் இருந்தார். போன வருடம் ஒரு தடவை நெஞ்சுவலி வந்து பிழைத்திருந்தார். மகளைக் கடலோரத்துக்கு அனுப்ப அவருக்கு மனசே இல்லை. “வாரத்துக்கு ரெண்டு டிரிப்தான் பஸ்ஸுன்னா அது ஊராம்மா?” என்று கேட்டார். மனுஷனுக்கு அது ஒன்றுதான் அளவுகோல்.

“உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா அடுத்த பஸ்ஸுல ஏறிடுவேன்பா” என்று அவள் சொல்லிவிட்டு வந்தாள். “அதுக்குள்ள நான் போயிட்டேன்னா?” என்றார். “போகக் கூடாது. நான் வந்து பார்த்தப்புறம்தான்” என்றாள். “சரி, நீ ஏறுற வரைக்கும் விசில் ஊத மாட்டேன், போ” என்று சிரித்தார். அப்பனும் மகளும் சாவை வைத்து இப்படி விளையாடிக்கொண்டார்கள். ஆனால் அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அம்மா இறந்தபோது அவள் பக்கத்தில் இல்லை. அப்பாவையாவது உயிர் இருக்கும்போது பார்த்துவிட வேண்டும், கடைசியாக ஒரு வாய்த் தண்ணீராவது கொடுக்க வேண்டும் என்பது அவளுக்கு ஒரு வைராக்கியமாகவே இருந்தது.

இங்கே போன் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஊர் முழுக்க டவர் கிடைப்பது ஒரே இடத்தில்தான். படகுத்துறை முனையில் இருக்கிற டீக்கடையில், அதுவும் கூரையைத் தாங்குகிற ஒரு மூங்கில் கம்பத்துக்குப் பக்கத்தில். அதனால் அந்த ஊரில் யாரும் போனைக் கையில் வைத்துக்கொள்வதில்லை. கம்பத்தில் வரிசையாக ஆணி, ஆணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் போன். மணி அடித்தால் டீக்கடைக்காரர் எடுப்பார். “யாரு? என்ன சேதி? சரி, சொல்லிடறேன்.” ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் கொண்டு போய்ச் சேர்ப்பார். யார் வீட்டுப் பெண்ணை யார் பார்க்க வருகிறார்கள் என்பது பெண்ணுக்கு முன்னால் டீக்கடைக்காரருக்குத் தெரியும். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவளுடைய போன் அடித்தது. அவளுடைய அண்ணன்.

“அப்பாவுக்கு ராத்திரி திரும்பவும் வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரியில இருக்கோம். நேத்து அவகிட்ட பேசினப்போகூட நல்லாத்தான் இருந்தாரு. டாக்டர் ரெண்டு நாள் தாங்கினா பெரிசுங்கறாரு. நெனைவு நல்லா இருக்கு. அவளைத்தான் கேக்கறாரு. நாளைக்குப் பஸ் இருக்குல்ல, அதுல ஏத்திவிட்டுடுங்க.”

“சொல்லிடறேன்” என்றார் டீக்கடைக்காரர். சொல்லத்தான் கிளம்பினார். நேராகக் கொட்டகைக்கு வந்தவர், வாசலில் மேஸ்திரியம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஏனென்றால் அந்த ஊருக்கு ஒரு சட்டம் இருந்தது. படகு கடலில் இருக்கும்போது அந்தப் படகில் போனவன் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் படகுக்கு ஆகாது. சாவுச் செய்தி வந்தாலும் சாகக் கிடக்கிற செய்தி வந்தாலும், படகு கரைக்கு வரும்வரை அந்த வீட்டுப் பெண்ணிடம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அவள் தனியாக இருந்து சந்தேகப்பட்டுவிடக் கூடாது என்று மாற்றி மாற்றிக் கூடவே இருப்பார்கள். படகு வந்ததும் எல்லாரும் சேர்ந்து சொல்லி, எல்லாரும் சேர்ந்து அழுவார்கள்.

மெக்கானிக் போன படகு சனிக்கிழமை கிளம்பியிருந்தது. வியாழக்கிழமை வரும். படகில் ஏழு பேர்.

“அவங்க வெளியூரு. அவங்களுக்கு இந்த வழக்கமெல்லாம் கிடையாதே” என்றார் டீக்கடைக்காரர். “பெரியவரு உயிரோடதான் இருக்காராம். நாளைக்கு ஏத்திவிட்டா புதன்கிழமை விடியக்காலம் முகத்தைப் பார்த்துடலாம்.”

மேஸ்திரியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவளும் கல் நெஞ்சுக்காரி இல்லை. “சொன்னா அழாம இருப்பாளா?”

“எப்படி இருப்பாங்க? பெத்த அப்பனாச்சே.”

“அந்தப் போட்டுல என் பையன் இருக்கான். இவ வீட்டுக்காரனும் இருக்கான்” என்று பக்கத்தில் நின்ற லவுட்ஸ்பீக்கரைக் காட்டினாள். “எங்கம்மா செத்ததை எனக்கு ஆறாம் நாள் சொன்னீங்க. நான் என்ன ஊரை விட்டுட்டா போயிட்டேன்? தாங்கிக்கிட்டேன். அவளும் தாங்கிக்குவா. போட்டு வரட்டும்.” பிறகு குரலை இறக்கி, “பாவம், அவளுக்கு இங்க நம்மளை விட்டா யாரு இருக்கா? நாமதான் பார்த்துக்கணும்” என்றாள்.

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அந்த ஊர் அன்றைக்கு மூடிக் காட்டியது. பத்து மணிக்குள் சேதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். தெரியாதவள் ஒருத்திதான், அவள் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இறால் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

பத்து மணி டீக்குக் கூப்பிட்டபோது, “தங்கச்சி, இங்க வந்து உக்காரு” என்றாள் லவுட்ஸ்பீக்கர்.

யாரையோ கூப்பிடுகிறாள் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

“உன்னைத்தான். எவ்வளவு நாளைக்கு அந்தக் குளிர்லயே உக்காந்திருப்ப? வா இப்படி.”

அவள் எழுந்து போய், முப்பது பேருக்கு நடுவில், இரண்டு பெண்கள் நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்தாள். ஒருத்தி தன் டீயோடு இவள் டீயையும் வாங்கி வந்து கையில் கொடுத்தாள். இன்னொருத்தி இவள் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அடக் கொடுமையே, இப்படியா உரிஞ்சிருக்கு? தேங்காயெண்ணெய் தடவிட்டு வேலைக்கு உக்காரக் கூடாதா? யாரும் சொல்லலியா?” என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை. ஏழு மாதமாக யாரும் எதையும் சொல்லவில்லை. அவள் விரல்களை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். அழுதுவிடுவாளோ என்று எல்லாருக்கும் ஒரு கணம் மூச்சு நின்றது. அவள் அழவில்லை, சிரித்தாள்.

அந்த ஊரிலேயே பிறந்த பெண்ணாக இருந்தால், காரணமில்லாமல் ஒருத்தி டீ வாங்கிக் கொடுத்த உடனேயே நெஞ்சு பகீரென்று ஆகியிருக்கும். வீடு வீடாக ஓடி, “என்ன ஆச்சு? யாருக்கு என்ன ஆச்சு?” என்று உலுக்கியிருப்பாள். புதுசுக்கு அது தெரியாது. ஏழு மாதம் கழித்து ஊர் கதவைத் திறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். வெளியூர்க்காரிக்கு மட்டுமே வரக்கூடிய மயக்கம் இது. அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

அன்றைக்குச் சாயங்காலம் லவுட்ஸ்பீக்கர் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் அறைக்கு வந்தாள். “எங்க வீட்டுக் கூரை ஒழுகுது, ரெண்டு நாள் இங்க படுத்துக்கறேன்” என்றாள். மழையே பெய்யவில்லை. அதையும் அவள் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய இன்னொன்றும் இருந்தது. ஊரையே எழுப்புகிற அந்த வாய்க்காரி ராத்திரி முழுக்க வாயே திறக்கவில்லை. அந்த அறையில் முதல்முறையாக இன்னொரு பெண் படுத்திருக்கிற சந்தோஷத்தில் புதுசுதான் பேசிக்கொண்டே இருந்தாள். அப்பாவைப் பற்றித்தான் பேசினாள். ஸ்கூல் விடுமுறையில் அவர் பஸ்ஸில் முதல் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போனது, எந்த ஊர் எந்த நிமிஷத்தில் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது, சாப்பிடும்போதுகூட “உள்ள போங்க, உள்ள போங்க” என்று பிள்ளைகளைத் தள்ளி உட்காரச் சொல்வது. லவுட்ஸ்பீக்கர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு “ம்” கொட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காற்று பலமாக இருந்தது. பத்து மணிக்குக் கொட்டகைக்கு வெளியே நிழலில் உட்கார்ந்தார்கள். மேஸ்திரியம்மாவே எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, புதுசைச் சாலைக்கு முதுகு காட்டி உட்கார வைத்து, தலையைப் பிரித்து எண்ணெய் வைக்க ஆரம்பித்தாள். மேஸ்திரியம்மா தன் மருமகளுக்குக்கூட அப்படிச் செய்ததில்லை. அம்மா போன பிறகு அவள் தலையில் இன்னொருவர் கை பட்டதும் இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வளைவில் பஸ் ஹாரன் அடித்தது.

“பஸ்ஸு கெளம்பிடுச்சு போல” என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். “இந்தத் தடவை அவரு வந்ததும் ஒரு நடை போய் அப்பாவைப் பார்த்துட்டு வரணும்கா. போன வாரமே கேட்டாரு.”

தலையில் இருந்த கை நின்றது. முப்பது பேரில் ஒருத்தி இருமினாள். ஒருத்தி சட்டென்று எழுந்து கொட்டகைக்குள் போய்விட்டாள். பஸ் அவர்களுக்குப் பின்னால், பத்து அடி தூரத்தில், மணலைக் கிளப்பிக்கொண்டு போனது. காலி சீட்டுகள்தான் அதிகம். இன்னும் ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தால் போதும், கையைக் காட்டினால் அந்த டிரைவர் நிறுத்துவான்.

“போகலாம்” என்றாள் மேஸ்திரியம்மா. கை மறுபடி அசைந்தது. “போட்டு வரட்டும்.”

கெட்டவர்கள் செய்தால் திட்டலாம், சண்டை பிடிக்கலாம், மண்ணை வாரித் தூற்றலாம். எண்ணெய் வைத்துக்கொண்டே ஒருத்தியின் குடியைக் கெடுக்கிறவர்களை என்ன செய்வது? மேஸ்திரியம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் நின்றதைச் சுற்றியிருந்த எல்லாரும் பார்த்தார்கள். அது உண்மையான கண்ணீர்தான். அதனால் யாருக்கு என்ன லாபம்?

மத்தியானம் அண்ணன் மறுபடி போன் செய்தான். “ஏறிட்டாளா?” டீக்கடைக்காரர் அன்றுவரை சேதியில் ஒரு எழுத்து மாற்றியதில்லை. வாயில் வேறு எதுவும் வரவில்லை. “ஏறிட்டாங்க” என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு வெகுநேரம் பாய்லரைத் துடைத்துக்கொண்டே இருந்தார் என்று பிறகு சொன்னார்கள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் அப்பா இறந்துபோனார். அந்தச் சேதியும் கம்பத்துக்கு வந்தது. “அவ இன்னும் வரலியே” என்று அண்ணன் கத்தினான். “வழியில பஸ்ஸு பழுதாயிருக்கும்” என்றார் டீக்கடைக்காரர். அதற்குப் பிறகு அந்தப் பையில் மணி அடித்தபோதெல்லாம் அவர் எடுக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் மேஸ்திரியம்மா வீட்டில் புதுசுக்குச் சாப்பாடு. இலை போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினார்கள். அவள் வயிறு முட்டச் சாப்பிட்டாள், பட்டறையில் தன் கணவன் ஒருமுறை பூனை படுத்திருப்பது தெரியாமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்த கதையை நடித்தே காட்டினாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தன் பேச்சுக்குச் சிரிக்கிறார்கள்! சாயங்காலம் அவள் டீக்கடைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. ‘அப்பா, இந்த ஊர் என்னைச் சேர்த்துக்கிச்சு, நீங்க கவலைப்படாதீங்க’ என்று சொல்லிவிட வேண்டும். போன வாரம் போனில் அவர், “அங்க உனக்கு யாராவது பேச இருக்காங்களாம்மா?” என்று கேட்டபோது அவள் பேச்சை மாற்றியிருந்தாள்.

“ரெண்டு நாளா காத்து. டவர் விழுந்துடுச்சு” என்றார் டீக்கடைக்காரர். அவள் போன் பையைக் காணோம். “ஈரம் பட்டுதுன்னு உள்ள எடுத்து வெச்சிருக்கேன்” என்றார். அவள் கேட்காமலேயே ஒரு டீ போட்டுக் கொடுத்தார். காசு வாங்கிக்கொள்ளவில்லை. அவள் துறை மேடையில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்து அந்த டீயைக் குடித்தாள். கடல் முதல்முறையாக அவளுக்கு அழகாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை நாலு மணிக்குப் படகு தெரிந்தது. பெண்கள் எல்லாரும் துறைக்குப் போனார்கள். மற்ற நாட்களில் அவள் ஐஸ் கம்பெனி மதிலோரம் தனியாக நிற்பாள். அன்று அவர்களோடு கைகோத்துக்கொண்டு நின்றாள். படகு ஒரு பக்கம் சாய்ந்தபடி வந்தது. கயிற்றை எறிந்தார்கள். அவள் கணவன் குதித்து இறங்கினான். முகமெல்லாம் கரி, ஒரு கையில் துணிக்கட்டு. அவள் முன்னால் போக அடி எடுத்து வைத்தாள். மேஸ்திரியம்மா அவளைத் தாண்டிப் போய் அவனிடம் ஏதோ சொன்னாள்.

அவன் இவளை நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்போதுதான் கவனித்தாள். இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் அவள் தோளைப் பிடித்திருந்தார்கள். பின்னால் ஒருத்தி இடுப்பைச் சுற்றிக் கை போட்டிருந்தாள்.

“மாமா போயிட்டாரு” என்றான் அவன்.

“எப்போ?”

அவன் மேஸ்திரியம்மாவைப் பார்த்தான். “நேத்துக் காலையில” என்றாள் அவள். “திங்கக்கிழமை முடியாமப் போச்சுன்னு சேதி வந்துச்சு தங்கச்சி. போட்டு கடல்ல இருந்துச்சு. எங்களால சொல்ல முடியல.”

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். டீ வாங்கிக் கொடுத்தவள், விரலைத் திருப்பிப் பார்த்தவள், கூரை ஒழுகுகிறது என்று பாயோடு வந்தவள். எல்லாக் கண்ணிலும் தண்ணீர் தயாராக இருந்தது. மூன்று நாளாக அடக்கி வைத்த தண்ணீர். இவள் ஆரம்பித்தால் அவர்களும் ஆரம்பிக்கலாம் என்று காத்திருந்தார்கள். திங்கட்கிழமை சேதி, செவ்வாய்க்கிழமை பஸ் என்று அவள் மனசுக்குள் அடுக்கிப் பார்த்தாள். அடுக்க அதிகம் ஒன்றும் இல்லை. தலையிலிருந்து எண்ணெய் வாசனை வந்தது.

“அழுதுடும்மா. போட்டுதான் வந்துடுச்சே. இப்ப அழலாம்” என்றாள் லவுட்ஸ்பீக்கர்.

அவளுக்கு அழுகை வரவில்லை. தோளில் இருந்த கைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். “வா, வீட்டுக்குப் போகலாம்” என்று கணவன் கையைப் பிடித்தான். ஐஸ் கம்பெனி மதில் வரைக்கும் நடந்தார்கள்.

“உங்களுக்காவது கோபம் வரலியா?” என்று அவள் கேட்டாள்.

“வருது. வராமலா?” என்றான். பிறகு கொஞ்சம் தயங்கினான். “செவ்வாக்கிழமை எஞ்சின் நின்னு போச்சு. பயங்கரக் காத்து. மூணு மணி நேரம் போட்டு இஷ்டத்துக்குச் சுத்துச்சு. என்னென்னமோ பண்ணிப் பார்த்தேன், ஓடல. முடிஞ்சுதுன்னே நெனைச்சேன். அப்புறம் எப்படி ஓடுச்சுன்னு எனக்கே தெரியல. இப்ப விஷயம் தெரிஞ்சதும் கூட இருந்தவங்க சொன்னாங்க, கரையில நம்ம வீட்டுல யாரும் அழலேல்ல, அதனாலதான்…”

அவன் முடிக்கவில்லை. முடித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஸ்பேனரைத் தவிர வேறு எதையும் கும்பிடாத மனுஷன் அவன். கல்யாணத்துக்கு நேரம் குறித்தபோதுகூட, “எஞ்சினுக்கு டைமிங் பார்த்தா போதும், எனக்கு எதுக்கு?” என்று கேட்டவன். அவன் இப்போது இவள் முகத்தைப் பார்க்காமல், கையில் இருந்த கரியைச் சுரண்டிக்கொண்டு நின்றான். அவன் நம்ப ஆரம்பித்துவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. ஊரோடு ஒத்துப் போய்விட்டான். இனிமேல் அந்த அறையில் அவளுக்குப் பேச்சுத் துணைக்குத் தட்டுகள் மட்டும்தான்.

அவள் திரும்பி விறுவிறுவென்று டீக்கடைக்கு நடந்தாள். டீக்கடைக்காரர் உள்ளேயிருந்து போனை எடுத்து வந்து கொடுத்தார். அவள் கம்பத்தில் சாய்ந்துகொண்டு அண்ணனைக் கூப்பிட்டாள்.

“இப்பதான் நேரம் கெடைச்சுதா?” என்றான் அண்ணன்.

“எனக்குத் தெரியாதுண்ணா. சத்தியமா இப்பதான் சொன்னாங்க.”

“தெரியாதா? செவ்வாக்கிழமை பஸ் ஏறிட்டேன்னாங்களே!”

“யாரு சொன்னா?”

டீக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணனுக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். மறுபடி பேசியபோது குரலில் கோபம் இல்லை. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

“நேத்துப் பூரா உனக்காக வெச்சிருந்தோம். இன்னிக்குக் காலையிலதான் எடுத்தோம்.”

“அப்பா என்னைக் கேட்டாராண்ணா?”

“கேட்டாராவா? நீ ஏறிட்டேன்னு சொன்னதுலேருந்து அதே பேச்சுதான். ராத்திரி முழுக்கத் தூங்கல. பஸ்ஸு எங்க வருது, எங்க வருதுன்னு. அவருக்குத் தெரியாத ரூட்டா? உன் போனும் அந்தக் கம்பத்துலயே இருக்கு, எங்க வர்றேன்னு கேக்க வழியில்ல. சரி, மனசு நிம்மதியா இருக்கட்டும்னு நானா சொல்லிக்கிட்டே வந்தேன். மெயின் ரோட்டுக்கு வந்துட்டாப்பா, வண்டி மாறிட்டாப்பா, பெரிய பாலம் தாண்டிட்டாப்பான்னு. விடியக்காலம் சர்க்கரை ஆலைன்னு சொன்னேன். ‘வாசனை வந்திருக்குமே அவளுக்கு’ன்னாரு.”

அவள் கம்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ஆறரை மணிக்கு ரயில்வே கேட்டு வரைக்கும் கொண்டுவந்துட்டேன். அதுக்கு மேல என்ன சொல்றது? கேட்டைத் தாண்டினா நம்ம தெருதானே, நீ வந்து நிக்கணுமே. கேட்டு சாத்தியிருக்குப்பா, பஸ்ஸு நிக்குதுன்னேன்.”

“அப்பா என்ன சொன்னாரு?”

“‘கூட்ஸ் வண்டியா இருக்கும், அது நகர அரை மணி நேரம் ஆகும். அவளை எறங்கி நடந்து வந்துடச் சொல்லு’ன்னாரு.” அண்ணன் மூக்கை உறிஞ்சினான். “அதான் கடைசி. அதுக்கப்புறம் பேசல.”

போன் அணைந்துவிட்டதா, அவள்தான் அணைத்தாளா, தெரியவில்லை. டீக்கடைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். “நாளைக்குப் பத்து மணிக்குப் பஸ்ஸு இருக்கு தங்கச்சி” என்றார். “முன் சீட்டு சொல்லி வெக்கட்டுமா?”

அவள் அங்கேயே கம்பத்தடியில் உட்கார்ந்தாள். பிறகு கத்தினாள். லவுட்ஸ்பீக்கர்கூட வாழ்நாளில் அப்படிக் கத்தியிருக்க மாட்டாள். அன்றைக்கு ஊரின் எல்லாப் படகும் கரையில்தான் நின்றன. அவள் எவ்வளவு அழுதாலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.